சாவிக்காரருக்கு லைசென்ஸ் உண்டா? ஓசூர், கிருஷ்ணகிரி மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

இரவு ஷிஃப்ட் முடிந்து சிப்காட்டிலிருந்து ரூமுக்கு வருகிறீர்கள். பையில் கை விட்டால் சாவி இல்லை. செல்போனில் 'பூட்டு சாவி ரிப்பேர்' என்று தேடி, முதலில் வந்த எண்ணுக்கு போன் போடுகிறீர்கள். அரை மணி நேரத்தில் தோள்பையோடு ஒருவர் வருகிறார். ஒரு கம்பி, ஒரு சின்ன நெம்பி, இரண்டே நிமிடம். கதவு திறந்துவிட்டது. 'அப்பாடா' என்று உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் யோசனை வரும்: இவ்வளவு சுலபமா திறக்க முடியுமா? வந்தவர் யார்? இந்த வேலைக்கு லைசென்ஸ் எதுவும் வேண்டாமா?

இதே கேள்வி இன்னொரு பக்கத்திலிருந்தும் வருகிறது. சாவி வெட்டும் மெஷின் ஒன்று வாங்கிப் போட்டு பாகலூர் சாலையிலோ ராயக்கோட்டை சாலையிலோ கடை போடலாம் என்று நினைக்கும் இளைஞர்களுக்கு, எந்த அலுவலகத்தில் எந்த உரிமம் வாங்க வேண்டும் என்பது குழப்பமாகவே இருக்கிறது. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடலாம். 'பூட்டு சாவித் தொழிலாளர் உரிமம்' என்று தனியாக ஒன்று தமிழ்நாட்டில் கிடையாது. எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனாலும் கிடையாது. இதற்கென்று தனிச் சட்டமோ, தேர்வோ, அரசு வழங்கும் அடையாள அட்டையோ இல்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியா, டெக்சாஸ் போன்ற சில மாநிலங்களில் பூட்டுத் தொழிலாளர் அரசிடம் உரிமம் வாங்கித்தான் வேலை செய்ய முடியும். ஆஸ்திரேலியாவில் சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலும் அப்படித்தான். இங்கிலாந்தில் நம்மைப் போலவே, உரிமம் கிடையாது.

அதனால் 'நான் கவர்மென்ட் லைசென்ஸ் வச்சிருக்கேன், பூட்டு திறக்கிற லைசென்ஸ்' என்று யாராவது ஒரு அட்டையைக் காட்டினால், அதைக் கொஞ்சம் நிதானமாக வாங்கிப் படித்துப் பாருங்கள். அது பெரும்பாலும் மாநகராட்சியின் கடை உரிமமாகவோ, உதயம் பதிவுச் சான்றாகவோதான் இருக்கும். இரண்டுமே நல்ல ஆவணங்கள். ஆனால் இரண்டுமே 'இவர் யார் வீட்டுப் பூட்டையும் திறக்கலாம்' என்று சொல்வதில்லை.

லைசென்ஸ் இல்லை என்பதால் சட்டமே இல்லை என்று அர்த்தம் இல்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 19(1)(ஜி) பிரிவு எந்தத் தொழிலையும் செய்யும் உரிமையை எல்லாக் குடிமக்களுக்கும் தருகிறது. தருமபுரியிலிருந்து வந்தவரானாலும் பீகாரிலிருந்து வந்தவரானாலும் ஓசூரில் சாவி வெட்டிப் பிழைக்கலாம். ஆனால் எங்கே உட்கார்ந்து வெட்டுகிறார், யாருக்காக வெட்டுகிறார் என்ற இரண்டு இடத்தில் சட்டம் குறுக்கே வருகிறது. முதல் கேள்விக்கு நகராட்சி அலுவலகத்தில் பதில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்காமல் போனால்தான் காவல் நிலையம் வரை போக வேண்டியிருக்கும்.

நடைபாதையில் உட்கார்ந்தால்

பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு குடை, ஒரு மரப்பெட்டி, கம்பியில் கோத்துத் தொங்கும் வெற்றுச் சாவிகள். பெரும்பாலான சாவிக்காரர்களின் கடை இவ்வளவுதான். இவர்களுக்கு மிக முக்கியமான சட்டம், தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014. 'வியாபாரி' என்றதும் பூ, பழம், பானிபூரி என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் தெருவில் இருந்துகொண்டு பொதுமக்களுக்குச் சேவை செய்பவரும் தெருவோர வியாபாரிதான் என்று அந்தச் சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. செருப்புத் தைப்பவர், குடை ரிப்பேர் செய்பவர், சாவி வெட்டுபவர் எல்லாரும் அதில் வருவார்கள்.

ஓசூர் 2019-ல் மாநகராட்சியானது. அங்கே மாநகராட்சி அலுவலகத்திலும், கிருஷ்ணகிரியில் நகராட்சி அலுவலகத்திலும் விண்ணப்பிக்க வேண்டும். நகர விற்பனைக் குழு நடத்தும் கணக்கெடுப்பில் உங்கள் பெயர் இடம்பெற வேண்டும்; அதன் பிறகு விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும் கிடைக்கும். கணக்கெடுப்பு 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும் என்பது விதி. அந்தக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெருவோர வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். ஆகவே உங்கள் பகுதியிலிருந்து குழுவில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. சான்றிதழ் வாங்கியவர் தானே தொழில் செய்ய வேண்டும், இல்லையென்றால் குடும்பத்தில் ஒருவர் செய்யலாம். இடத்தை வேறொருவருக்கு வாடகைக்கு விடக் கூடாது.

அந்த அட்டையால் என்ன லாபம் என்று கேட்டால், அட்டை இல்லாத நாளில்தான் தெரியும். சான்றிதழில் உள்ளபடி தொழில் செய்பவரை போலீஸ் உட்பட யாரும் தடுக்கக் கூடாது என்று சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. இடத்தை மாற்றச் சொன்னால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் என்னென்ன எடுத்தார்கள் என்று பட்டியல் தர வேண்டும். சாவி வெட்டும் மெஷின் அழுகும் பொருள் இல்லை அல்லவா? நீங்கள் உரிமை கோரிய 2 வேலை நாட்களுக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். ஒரு மெஷின்தான் மொத்தப் பிழைப்பு என்றிருப்பவருக்கு இந்த 2 நாள் கணக்கு பெரிய விஷயம். மறுபக்கம், சான்றிதழ் இல்லாமல் தொழில் செய்தால் 2,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும்.

இதில் எல்லைப் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஓசூர் சான்றிதழ் ஓசூருக்கு மட்டும்தான். ஜூஜூவாடியில் உட்காரலாம், நாலு கிலோமீட்டர் தள்ளி அத்திப்பள்ளியில் அதே பெட்டியோடு உட்கார்ந்தால் அங்கே அது செல்லாது, அந்த ஊர் அமைப்பிடம்தான் கேட்க வேண்டும். ரயில்வே நிலத்துக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. அதனால் ரயில் நிலைய வாசலில் கடை போடுபவர் மாநகராட்சி அட்டையை நம்பி உட்காரக் கூடாது. நகர்ப்புறத்துக்கான சட்டம் இது என்பதால், தொழிற்பேட்டையை ஒட்டிய ஊராட்சிச் சாலையோரங்களிலும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

கடை எடுத்தால்

ஷட்டர் போட்ட கடை என்றால் உள்ளாட்சி அமைப்பிடம் தொழில் உரிமம் வாங்க வேண்டும். ஓசூர் மாநகராட்சியிலும் கிருஷ்ணகிரி நகராட்சியிலும் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டத்தின்படி இது வழங்கப்படுகிறது. 1998-ல் இயற்றிய சட்டம்தான். முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரலில். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். கடை வாடகை ஒப்பந்தம், அந்தக் கட்டடத்தின் சொத்து வரி ரசீது, உங்கள் அடையாளச் சான்று ஆகியவற்றை முதலில் போனில் தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் வேலை சீக்கிரம் முடியும். பலரும் மாட்டிக்கொள்வது சொத்து வரி ரசீதில்தான். கட்டட உரிமையாளர் பாக்கி வைத்திருந்தால் உங்கள் விண்ணப்பமும் நின்றுவிடும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அந்த ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஊராட்சிப் பகுதியில் கடை என்றால் ஊராட்சி அலுவலகத்தை அணுக வேண்டும்.

'தொழில் உரிமம்' வேறு, 'தொழில் வரி' வேறு. பெயர் ஒன்று போல இருப்பதால் ஒன்றைக் கட்டிவிட்டு இன்னொன்றும் முடிந்துவிட்டதாக நினைப்பவர்கள் உண்டு. தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை. அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய்க்குள் என்றால் வரி இல்லை. அதிகபட்சமாக வருடத்துக்கு 2,500 ரூபாயைத் தாண்டி யாரிடமும் வசூலிக்க முடியாது.

பெயர்ப் பலகையில் தமிழ் முதலிடத்தில், பெரிதாக இருக்க வேண்டும். கன்னடம், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் எல்லாம் பேசும் வாடிக்கையாளர்கள் வரும் ஊர் என்பதால் மற்ற மொழிகளையும் எழுதிக்கொள்ளலாம், தமிழுக்கு அடுத்தபடியாக. கர்நாடகத்தில் பலகையின் 60 சதவீதம் கன்னடம் என்பது 2024-ல் வந்த திருத்தம். இரண்டு பக்கமும் கிளை வைத்திருப்பவர் ஒரே டிசைனை இரண்டு கடைக்கும் அச்சடித்துவிடக் கூடாது.

ஜி.எஸ்.டி. பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. பூட்டுத் திறப்பது, சாவி செய்து தருவது என்ற சேவையில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பதிவு தேவையில்லை. சந்தாபுரா வரைக்கும் போய் ஒரு வீட்டுக் கதவைத் திறந்து கொடுத்தாலும் அதே வரம்புதான். ஆனால் பூட்டுகளையே சரக்காக எல்லை தாண்டி விற்கத் தொடங்கினால் கதை மாறும். மாநிலம் விட்டு மாநிலம் பொருள் விற்பதற்குத் தொகை எவ்வளவாக இருந்தாலும் பதிவு தேவை.

உதயம் பதிவு கட்டாயம் இல்லை. ஆனாலும் செய்துவிடுங்கள். ஆதார் எண், அதோடு இணைந்த போன், பான் எண், அவ்வளவு போதும். கட்டணம் ஒரு பைசாகூட இல்லை. 'உதயம் எடுத்துத் தர்றேன், ஆயிரம் ரூபா கொடுங்க' என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

கடனுதவி விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் உள்ள 18 தொழில்களில் பூட்டுத் தொழிலும் ஒன்று. ஆனால் அந்தத் திட்டத்தை அப்போதைய வடிவில் செயல்படுத்த இயலாது என்று தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் தெரிவித்தது. அதன் பிறகு 2025-ல் தொடங்கப்பட்டதுதான் கலைஞர் கைவினைத் திட்டம். 25 தொழில்கள், 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதாவது அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம், 5 சதவீத வட்டிச் சலுகை. உங்கள் வேலை அந்தப் பட்டியலில் எந்தத் தலைப்பின் கீழ் சேரும் என்று கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொண்டு விண்ணப்பியுங்கள். நடைபாதையில் இருப்பவர்களுக்குத் தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி கடனும் இருக்கிறது. தொழிலாளர் துறையின் கீழ் தெரு வியாபாரிகளுக்கான நல வாரியமும் உண்டு. பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் எல்லாம் அதன் வழியாகத்தான் வரும். பதிவு செய்யாமலே காலத்தை ஓட்டிவிட்டு 58 வயதில் வந்து கேட்பவர்களே அதிகம்.

யாருக்காகத் திறக்கிறோம்?

இனி வருவதுதான் இந்தத் தொழிலின் உண்மையான சட்டப் பிரச்சினை. கடை உரிமம் இல்லாவிட்டால் அபராதத்தோடு போய்விடும். தவறான கதவைத் திறந்துவிட்டால் அப்படிப் போகாது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 330-வது பிரிவு 'வீடு உடைத்தல்' என்றால் என்ன என்று விளக்குகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 445-வது பிரிவு. உடைத்தல் என்றதும் கடப்பாரை, கன்னக்கோல் என்றுதான் மனதில் வரும். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. அத்துமீறி நுழைவதற்காகப் பூட்டைத் திறப்பதே வீடு உடைத்தல்தான். அந்தப் பிரிவிலேயே இரண்டு உதாரணங்கள் கொடுத்திருக்கிறார்கள். ஒருவன் கதவிலுள்ள ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கி உள்ளே நுழைகிறான். இன்னொருவன், வீட்டுக்காரர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து, அதை வைத்தே கதவைத் திறந்து நுழைகிறான். இரண்டுமே வீடு உடைத்தல். ஒரு கீறல்கூட விழவில்லை என்பது கணக்கில் வராது. இரவில் இப்படி நுழைவது திருடுவதற்காக என்றால் தண்டனை 14 ஆண்டு வரை போகும்.

சரி, சாவிக்காரர் எங்கே மாட்டுகிறார்? 'இது என் வீடு' என்று சொன்னதை நம்பி நல்லெண்ணத்தோடு திறந்து கொடுத்தவர் குற்றவாளி ஆகமாட்டார். குற்றம் நடக்கப்போகிறது என்று தெரிந்தே, அதற்கு உதவும் எண்ணத்தோடு செய்திருந்தால்தான் அவர் உடந்தை. சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஆனால் 'எனக்குத் தெரியாது' என்பதை எதை வைத்துக் காட்டுவது? மறுநாள் காலை போலீஸ் வந்து கேட்கும்போது, யார் கூப்பிட்டார், எந்த எண்ணிலிருந்து, எத்தனை மணிக்கு, என்ன ஆதாரம் காட்டினார் என்ற நாலு கேள்விக்கும் 'ஞாபகம் இல்லீங்க சார்' என்றால் விசாரணை நீளும். ஒரு நோட்டை எடுத்து அதைக் காட்டினால் அந்த அளவோடு முடியும்.

அந்த நோட்டு வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தொழிலில் லைசென்ஸுக்கு மாற்றாக ஒன்று உண்டென்றால் அது அந்த 40 ரூபாய் நோட்டுதான். தேதி, நேரம், முகவரி, கூப்பிட்டவர் பெயர், போன் எண், பார்த்த ஆதாரம், கையெழுத்து. வேலை தொடங்கும் முன் கதவை வெளியிலிருந்து ஒரு படம். பணத்தை யு.பி.ஐ. வழியாக வாங்கினால் அதுவே இன்னொரு பதிவு.

இங்கே ஓசூருக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. 'ஆதார் காட்டுங்க' என்று கேட்டால் ஆதார் இருக்கும், ஆனால் அதில் முகவரி தேன்கனிக்கோட்டை, திருப்பத்தூர், இல்லையென்றால் ஒடிசாவில் ஏதோ ஒரு கிராமம். இந்த ஊரில் வாடகை அறையில் இருக்கும் தொழிலாளிகளில் பலருக்கு அப்படித்தான். ஆதார் முகவரி பொருந்தவில்லை என்பதற்காக ராத்திரி 11 மணிக்கு ஒருவரை வாசலிலேயே விட்டுவிட்டுப் போவதும் சரியில்லை. பொருந்தாததைக் கண்டுகொள்ளாமல் திறப்பதும் சரியில்லை. வீட்டு உரிமையாளரிடம் வீடியோ காலில் பேசுங்கள். பக்கத்து வீட்டுக்காரரை வெளியே வரச் சொல்லி, 'இவர் இங்கேதான் இருக்காரா?' என்று கேட்டு நோட்டில் அவர் பெயரையும் எழுதுங்கள். வாடகை ஒப்பந்தம் போனில் இருக்கிறதா, மின் கட்டண ரசீதில் என்ன பெயர் என்று பாருங்கள். திறந்த பிறகும் உடனே கிளம்பாமல், உள்ளே இருக்கும் ஏதாவது ஒரு அடையாள அட்டை, கம்பெனி ஐ.டி., புகைப்படம் ஆகியவற்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். உண்மையில் அங்கே வசிப்பவருக்கு இது அரை நிமிட வேலை.

வாடிக்கையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்படிக் கேட்கும் சாவிக்காரர் மேல் கோபப்படாதீங்க. உங்களிடம் எதுவுமே கேட்காமல் திறப்பவர், நாளை உங்கள் வீட்டு வாசலில் வேறு யாராவது நின்று கூப்பிட்டாலும் எதுவும் கேட்காமல்தான் திறப்பார். ஆனால் ஆதார் நகலை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டியதில்லை. கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அதைக் காட்டினால் போதும்.

வீட்டு ஓனர் கூப்பிட்டால்?

'பையன் மூணு மாசமா வாடகை தரல. பூட்டிட்டுப் போயிட்டான். வந்து பூட்டை எடுத்துட்டு புதுப் பூட்டு போட்டுக் கொடுங்க.' தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் சாவிக்காரருக்கு இப்படி ஒரு அழைப்பு வருவது சகஜம். கூப்பிடுபவர் உண்மையான உரிமையாளர். பட்டா, சொத்து வரி ரசீது எல்லாம் அவர் பெயரில். திறக்கலாமா?

கூடாது. அத்துமீறல் பற்றிய சட்டம் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பதில்லை. யார் வசம் இருக்கிறது என்றுதான் கேட்கிறது. வாடகைக்கு விட்ட அறை வாடகைதாரர் வசம் இருக்கிறது. 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைதாரர் சட்டத்தின்படி, வாடகை பாக்கி எவ்வளவு இருந்தாலும் வெளியேற்ற உத்தரவு வாடகை நீதிமன்றத்திலிருந்துதான் வர வேண்டும். பராமரிப்புக்காக உள்ளே நுழைவதற்கே 24 மணி நேரத்துக்கு முன் எழுத்து மூலம் சொல்ல வேண்டும். உரிமையாளருக்கு இருக்கும் கஷ்டம் நியாயமானதாக இருக்கலாம். அதற்கான வழி நீதிமன்றம்தான், சாவிக்காரர் இல்லை. உத்தரவு கிடைத்து, நீதிமன்ற அமீனா வந்து, அவர் முன்னிலையில் பூட்டைத் திறக்கச் சொன்னால் தாராளமாகத் திறக்கலாம். பூட்டை அகற்றவும் கதவை உடைக்கவும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் அவருக்கு அதிகாரம் தருகிறது. உத்தரவின் நகலைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் தம்பி பாகப் பிரிவினை, பிரிந்து வாழும் கணவன் மனைவி என்று வரும் அழைப்புகளும் இதே வகைதான். ஒருவர் பூட்டியதை இன்னொருவருக்காகத் திறப்பதற்கு முன், பூட்டியவரிடம் ஒரு போன் பேச முடியுமா என்று கேளுங்கள். 'அதெல்லாம் வேண்டாம், நீங்க திறங்க' என்று அவசரப்படுத்தினால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதே நல்லது.

வங்கி லாக்கர் சாவி தொலைந்தால் வெளியாளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வங்கிக்கு உடனே தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2021 வழிகாட்டுதலின்படி அதைத் திறக்கும் ஏற்பாடு வங்கியுடையது, செலவு உங்களுடையது.

வண்டிச் சாவி

ஓசூர் என்றாலே வண்டி. 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்துதான் வெளிவந்தது; அசோக் லேலண்ட் லாரியும் ஏத்தர் மின் ஸ்கூட்டரும் இங்கேதான் தயாராகின்றன. வண்டிகள் நிறைந்த ஊரில் வண்டிச் சாவி வேலையும் நிறைய.

வண்டிச் சாவி செய்து கொடுக்கும் முன் ஆர்.சி. பார்ப்பது மிகச் சுலபம். டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகன் செயலியிலோ இருக்கும் ஆர்.சி. அசலுக்குச் சமமாகச் செல்லும். ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை ஏற்காதீர்கள். செயலியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஆர்.சி.யில் இருக்கும் பெயரும் எதிரில் நிற்பவரின் அடையாள அட்டையும் பொருந்த வேண்டும். பதிவு எண் மட்டும் போதாது, வண்டியில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். டி.என்.-70, டி.என்.-24, கே.ஏ.-51 என்று மூன்று வகை எண் பலகையும் ஒரே சிக்னலில் நிற்கும் ஊர் இது. வெளிமாநிலப் பதிவு என்பதற்காகச் சந்தேகப்பட வேண்டியதில்லை, எந்த மாநில ஆர்.சி.யும் அதே செயலியில் தெரியும். நிதி நிறுவனத்திலிருந்து வருகிறோம், தவணை கட்டாத வண்டி, சாவி போட்டுக் கொடுங்கள் என்று வந்து நிற்பவருக்கும் இதே பதில்தான்: ஆர்.சி.யில் பெயர் உள்ளவர் வரட்டும்.

சாவியைக் கொண்டுவராமல் சோப்பிலோ மெழுகிலோ எடுத்த அச்சைக் கொண்டுவந்து 'இதே மாதிரி ஒண்ணு' என்று கேட்பவரிடம் காரணம் கேட்க வேண்டியதுகூட இல்லை, மறுத்துவிடுங்கள்.

வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க: வண்டி திருடுபோய் இன்சூரன்ஸ் கேட்கும்போது நிறுவனங்கள் பொதுவாக இரண்டு சாவியையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஒன்று தொலைந்து டூப்ளிகேட் செய்திருந்தால், எப்போது, எங்கே செய்தீர்கள் என்பதற்கு அந்தக் கடையின் பில் இருக்க வேண்டும். ஐம்பது ரூபாய் வேலைக்குப் பில் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள்.

போலீஸ் கூப்பிட்டால், ஏமாற்றப்பட்டால்

உங்கள் பகுதியில் திருட்டு நடந்து, சாட்சியாக விசாரிக்க ஒரு சாவிக்காரரைக் கூப்பிட்டால் அது எழுத்து மூலமான அழைப்பாக இருக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவு சொல்கிறது. 60 வயதைத் தாண்டியவரையும் பெண்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும், நிலையத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. இந்தத் தொழிலில் வயதானவர்கள் நிறைய இருப்பதால் இது தெரிந்திருக்க வேண்டும். நோட்டைக் கேட்டால் காட்டுங்கள்; ஒப்படைக்கச் சொன்னால் ரசீது வாங்கிக்கொண்டு, பக்கங்களைப் படம் எடுத்த பிறகு கொடுங்கள்.

தொழிலைப் பெரிதாக்க நினைப்பவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் காவல் சரிபார்ப்புச் சேவை உள்ளது. உங்கள் பெயரில் குற்ற வழக்கு எதுவும் இல்லை என்பதற்கான சரிபார்ப்பை நீங்களே விண்ணப்பித்து வாங்கலாம், கட்டணமும் ஆன்லைனில்தான். கம்பெனி குவார்ட்டர்ஸ், அடுக்குமாடி சங்கம், பெண்கள் விடுதி போன்ற இடங்களில் நிரந்தரமாகக் கூப்பிடும் ஆளாக வேண்டுமென்றால், வெறும் விசிட்டிங் கார்டைவிட அந்த ஒரு தாளுக்கு மதிப்பு அதிகம். குடியிருப்புச் சங்கத்தினரும் அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டு கதவு தாழிட்டுக்கொண்டால், அடுப்பில் பால் இருக்கிறது, முதியவர் பதில் சொல்லவில்லை என்றால் சாவிக்காரரைத் தேடிக்கொண்டிருக்காமல் 112-ஐ அழையுங்கள். தீயணைப்பு மீட்புப் படையினர் வந்து திறப்பார்கள். 112 எல்லையின் இரண்டு பக்கமும் வேலை செய்யும்.

மற்ற நேரங்களில் கூப்பிடும் முன் மொத்தச் செலவு எவ்வளவு என்று போனிலேயே கேட்டு, அதைக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். இணையத்தில் முதலில் வரும் எண் ஓசூரில் இருப்பதாகக் காட்டும். எடுத்துப் பேசினால் ஆள் பெங்களூரில் இருப்பார். போனில் ஒரு தொகை சொல்லிவிட்டு, வந்து பார்த்ததும் 'இது ஸ்பெஷல் லாக்கு, டிரில் போடணும்' என்று பல மடங்கு கேட்பது இப்படிப்பட்ட எண்களில் நடக்கும் வழக்கமான ஏமாற்று. டிரில் போடுவதற்கு முன் நீங்கள் சம்மதிக்க வேண்டும். பில் தர மறுத்தாலோ, பேசியதைவிட அதிகம் வாங்கினாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம். அதில் தீரவில்லை என்றால் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, மனுவை ஆன்லைனிலேயே போடலாம். ஆள் கர்நாடகத்தில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.